எந்த வழியா வந்தீங்க?

ஆவணி பதினேழு, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கொல்லிமலை மருத்துவமனையின் விருந்தினர் அறையில் வெந்நீர் வர நேரமாகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆகவே முதலில் காபி, பிறகு குளியல். சன்னலைத் திறந்ததும் பனிமூட்டம் உள்ளே வந்து கொடியில் கிடந்த துண்டை ஈரமாக்கியது. உடனே மூடிவிட்டேன். எனக்குப் பனி பிடிக்கும், அடுத்த அறையில் இருந்த சிமுலேட்டருக்கு ஆகாது.

ஏழு மணிக்கு அந்த அறைக்குப் போனேன். ஹெட்செட்டின் வலது லென்ஸை முதலிலும் இடது லென்ஸை அடுத்தும் உலர்ந்த துணியால் துடைத்தேன். தரையில் ஒட்டியிருந்த டேப் அடையாளத்தில் பெடல்கள் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பித்தப்பையை எடுத்தேன்.

இது நான் நாள் தவறாமல் செய்வது. இயந்திரத்துக்குள் படுத்திருக்கும் அந்த முகம் தெரியாத பெண்மணிக்கு ஒவ்வொரு நாளும் பித்தப்பையை எடுத்துவிடுகிறேன். மறுநாள் காலையில் அவருக்குப் புதிதாக ஒன்று வளர்ந்திருக்கும். என் மதிப்பெண் வழக்கமான இடத்தில் நின்றால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். அன்றும் வழக்கமான இடத்தில்தான் நின்றது.

போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'அறுவை சிகிச்சை பழகும் டாக்டர்களுக்கு இயந்திரமே மதிப்பெண் போடுகிறது என்றால், பக்கத்தில் நீங்கள் எதற்கு?' நியாயமான கேள்வி. பதிலாக அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்ல முடியும்.

முள்ளுக்குறிச்சி வழி

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் அறுவை சிகிச்சை நிபுணர். கீழே சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே கேமராவையும் நீளக் கருவிகளையும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையை இளம் டாக்டர்கள் அங்கே சிமுலேட்டரில் பழகுகிறார்கள். அதிலேயே தேர்வும் உண்டு. தேறினால்தான் உண்மையான நோயாளியின் மேல் கருவியைத் தொடலாம். தேறாதவர்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கொல்லிமலை மருத்துவமனையில் அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி அரங்கு திறப்பதாக இருந்தது. அதனால் இந்த முறைத் தேர்வை மலையிலேயே வைத்துக்கொண்டோம். நான் முதல் நாள் மாலையே இயந்திரத்தோடு வேனில் வந்துவிட்டேன். இயந்திரத்தையும் வேனையும் பார்த்துக்கொள்பவர் முருகேசன். சேலத்துக்காரர். இயந்திரம் குலுங்கக் கூடாது என்பதற்காக, தூரம் கூடுதலானாலும் வளைவுகள் குறைந்த முள்ளுக்குறிச்சிச் சாலை வழியாகவே ஏறினோம். மறுபக்கம் காரவள்ளிச் சாலை இருக்கிறது. அதில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது.

மலையில் இறங்கியதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. வாசலில் நின்ற காவலாளி கேட்டார், மருந்து கொடுப்பவர் கேட்டார், இந்த மலையிலேயே திண்ணனூர் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த தலைமை நர்ஸ் பாப்பாத்தியும் கேட்டார்.

"ஏனுங்க மேடம், எந்த வழியா வந்தீங்க?"

"முள்ளுக்குறிச்சி வழியா."

"அதான் மொகம் தெளிவா இருக்குது."

சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல இவர்கள் இதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதிலை யாரும் எதற்கும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. நானும் பயன்படுத்தவில்லை.

நல்லா இருக்கேங்க

தேர்வுக்கு மூன்று பேர். காலை பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் ஜாபர், மதுரைக்காரன். இறங்கியவன் நேராகப் போய் மருத்துவமனைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், நாப்பதாவது வளைவுலயே எங்க அத்தா பேரு மறந்துபோச்சு" என்றான். "கண்டக்டர் மட்டும் நேரத்துக்குப் பை குடுக்கலேன்னா, முன் சீட்டு அம்மா என்னையக் கீழ தள்ளியிருப்பாய்ங்க."

அவனுக்குப் பின்னால் சுகன்யா இறங்கினாள். காரவள்ளிக்குப் பக்கத்து ஊர். சொந்தக் காட்டில் மரவள்ளி போடும் குடும்பம். அப்பாவுக்குச் சொந்த லாரியும் உண்டு, தினமும் அதே சாலையில் கிழங்கு ஏற்றி இறக்குகிறவர்.

"எங்க ஊர்ல கைக்கொழந்தைகூட இந்த ரோட்ல தூங்கிட்டே வரும்ங்க ஜாபர்" என்றாள். "உங்களுக்கு மதுரைல மேம்பாலம் ஏறுனாவே தலை சுத்துமாட்ட இருக்குது!"

ஜாபர் சுவரிலிருந்து நெற்றியை எடுக்காமலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

மூன்றாவது ஆள் அருண். கோயம்புத்தூர்க்காரன். சற்று நேரம் கழித்துத் தன் காரில் வந்தான். முள்ளுக்குறிச்சி வழியாக வந்தானாம். "எழுபது வளைவுன்னு போர்டைப் பார்த்ததுமே வண்டியத் திருப்பிட்டேனுங்க மேடம். எனக்கு அதெல்லாம் ஆகாது" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டான். தன் பயத்தைச் சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லாத பிள்ளை.

தேர்வுக்கு உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரையும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: உடம்பு சரியாக இருக்கிறதா? இல்லை என்றால் தேர்வு மறுநாளைக்குத் தள்ளிப்போகும், வாய்ப்பு கழியாது. இருக்கிறது என்றால், வருகிற மதிப்பெண் நிற்கும். முன்பெல்லாம் மதிப்பெண் குறைந்தவர்கள் தேர்வு முடிந்த பிறகு 'காலையிலிருந்தே தலைவலி' என்பார்கள். அதனால் வார்த்தை ஹெட்செட்டுக்கு முன்னால் வர வேண்டும் என்று விதி வைத்தேன். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற ஒரு வழியும் வைத்தேன். முடிவு அனுப்பும் நேரமான மறுநாள் காலை ஒன்பது மணிக்குள், தேர்வு எழுதிய மற்றவர்கள் முன்னால், அவர்களே சொல்ல வேண்டும். நான் தூண்டக் கூடாது. அப்படிச் சொன்னால் அந்த மதிப்பெண் ரத்தாகும், தேர்வை மறுபடி செய்யலாம்.

"இல்லீங்க மேடம், சத்தியமா சரியா இல்ல" என்றான் ஜாபர். அவனை நாளைக்கு மாற்றினேன்.

"நல்லா இருக்கேங்க" என்றாள் சுகன்யா.

கையுறை மாட்ட அவள் கையை நீட்டியபோது எலுமிச்சம்பழ வாசனை வந்தது. கை கழுவிய சோப்பாக இருக்கும் என்று எண்ணினேன்.

இடது கை

ஹெட்செட்டை மாட்டியதும் கண்முன்னால் அறுவை அரங்கு விரியும். தலையைத் திருப்பினால் விளக்கு, மேசை, மயக்க மருந்துக் கருவி எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். கையில் நீளமான இரண்டு கருவிகள். சதையைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பு விரலில் தெரியும். காலடியில் பெடல். அழுத்தினால் திசு கருகும். பித்தப்பைக்குப் போகும் குழாயையும் இரத்தக் குழாயையும் கிளிப் போட்டு மூடி, நடுவே வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்க வேண்டும். கை எவ்வளவு தூரம் வீணாக அலைந்தது, கல்லீரலை எங்கே இடித்தது, கிளிப் எங்கே உட்கார்ந்தது என்று எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சுகன்யாவின் கையை எனக்குத் தெரியும். மெதுவான கை, ஆனால் அலையாத கை. குறிப்பாக இடது கை. பித்தப்பையைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். அவள் பிடித்தால் ஆணியில் மாட்டியது போல நிற்கும். சித்திரையில் நடந்த முதல் தேர்வில் நேரம் போதாமல் தவறினாள். இது இரண்டாவது வாய்ப்பு. அந்த ஆண்டுக்கு அதுவே கடைசி.

அன்று அந்த இடது கை அலைந்தது.

தொடங்கிய சிறிது நேரத்தில் கால்களை அகட்டி வைத்தாள். பிறகு இன்னும் சற்று அகட்டினாள். படகில் நிற்பவர்கள் அப்படி நிற்பார்கள். அவள் காண்பதை எனக்குக் காட்டும் திரையில் பித்தப்பை மேலும் கீழும் போயிற்று. முதல் கிளிப் குழாயின் விளிம்பில் தொற்றிக்கொண்டது. இரண்டாவதைப் போடப் போனவள் கல்லீரலை இடித்தாள். திரை சிவந்தது. பெடலைத் தேடிய கால் டேப்பைத் தாண்டித் தரையை மிதித்தது.

முடித்து ஹெட்செட்டைக் கழற்றியபோது, அந்தக் குளிரிலும் அவளுடைய மேலுதட்டில் வியர்வை இருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேங்க மேடம்."

திரையில் 'தேர்ச்சி இல்லை' என்று வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லி வெளியே போனாள்.

மலை அரங்குக்கு வர விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தவள் அவள் ஒருத்திதான். தேறாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு கீழே கேமரா பிடிக்க வேண்டும். இங்கே புதிய அரங்கின் கருவிகள் துணி போர்த்திக் கிடக்கும். பித்தப்பைக் கல்லோடு துடிப்பவர்களை எப்போதும்போலக் கீழே இறக்கிக்கொண்டு போவார்கள்.

நாற்காலிக் கையில் முடிச்சு

இந்த இடத்தில் எங்கள் காலத்துத் தேர்வை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் அவருடைய மனநிலைதான் எங்கள் மதிப்பெண். நாற்காலியின் கைப்பிடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்வார். முந்தைய நாள் கிரிக்கெட்டில் நாம் ஜெயித்திருந்தால் முடிச்சு நன்றாக இருக்கும். தோற்றிருந்தால், 'இது என்ன, மாட்டுக்கயிறா?' என்பார். என் முடிச்சை ஒரே வாரத்தில் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். முடிச்சு மாறவில்லை.

அதனால்தான் சிமுலேட்டர் வந்தபோது நான் மகிழ்ந்தேன். அதற்குக் கிரிக்கெட் தெரியாது. யார் மகள், எந்த ஊர் என்று தெரியாது. மூத்த மருத்துவர்கள் சிலர் முறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆர்வமாக உட்கார்ந்து, பயிற்சி டாக்டர்களைவிடக் குறைவாக வாங்கி, 'மெசினுக்குக் காய்ச்சல்' என்று அறிவித்துவிட்டு எழுந்து போனார். அன்று மாலை வரை முருகேசன் இயந்திரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இல்லீங்களே, சில்லுனுதான இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இயந்திரத்தின் பக்கம். இன்றும் அப்படித்தான். ஆனால் அது என்ன கேட்கவில்லை என்பதையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காரவள்ளிக்கு ஒரு நடை

சுகன்யாவுக்குப் பிறகு அருண் செய்தான். நன்றாகத் தேறினான். இயந்திரத்தில் கோளாறோ என்ற எண்ணத்தில் நானே ஒருமுறை செய்தேன். வழக்கமான மதிப்பெண். கோளாறு இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது பாப்பாத்தி சிஸ்டர் அருணுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங் சார், எந்த வழியா வந்தீங்க?"

"முள்ளுக்குறிச்சிங்க சிஸ்டர்."

"அதான் நல்லா சாப்புடறீங்க. அந்தப் பொண்ணு சோத்தைத் தொடவே இல்ல பாருங்க."

சுகன்யாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தேர்வில் தவறியவர்கள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததுதான். உள்காதில் நம் உடலின் ஆட்டத்தை அறியும் உறுப்பு இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகளில் திரும்பி வந்தால், வண்டி நின்ற பிறகும் அது அடங்கச் சற்று நேரம் ஆகும். சும்மா நின்றால் தெரியாது. அந்த நிலையில் ஹெட்செட்டை மாட்டினால், கண்ணுக்கு ஓர் அரங்கு ஆடுகிறது, கால் அசையாத தரையில் நிற்கிறது; இரண்டும் ஒத்துப்போகாமல், அடங்கிய தலைசுற்றல் மறுபடி கிளம்பும். ஆனால் தெரிந்ததை வைத்து முடிவு செய்வது வேறு, செய்து பார்ப்பது வேறு.

"முருகேசன், வேனை எடுங்க. காரவள்ளி வரைக்கும் போயிட்டு வரணும்."

"என்ன வாங்கணுங்க மேடம்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். எறங்கி, திரும்ப ஏறணும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணும் வாங்காம எழுபது வளைவு எறங்கி, எழுபது வளைவு ஏறறதுங்களா? ஊட்டுல சொன்னா நம்ப மாட்டாங்களே!" என்று சொல்லியபடி சாவியை எடுத்தார்.

இறங்கும்போது மிளகுக் கொடி ஏறிய மரங்களைப் பார்த்தபடி வந்தேன். சுகமாகவே இருந்தது. கீழே, மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஓர் அம்மாள் கூடையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். வேன் நின்றதும் சன்னலுக்கே வந்துவிட்டார்.

"மேல போறீங்களா சாமி? ஒண்ணு வெச்சுக்கங்க. மோந்துட்டே போனா வாந்தி வராது."

"ஏறுகிற எல்லாரும் வாங்குவாங்களா?" என்று கேட்டேன்.

"வெளியூர்க்காரங்க கேட்டு வாங்குவாங்க. எங்க ஊர்ப் புள்ளைங்களும் வாங்கும். ஆனா ரசத்துக்குன்னு சொல்லித்தான் வாங்கும்."

"மேடத்துக்கும் ரசத்துக்குத்தானுங்க" என்றார் முருகேசன்.

"எல்லாருக்கும் ரசத்துக்குத்தான்" என்று அந்த அம்மாள் சிரிக்காமல் சொல்லி, பழத்தை என் கையில் வைத்தார்.

ஏறும்போது பழத்தை நான் முகரவில்லை. பார்க்கப் போவது வளைவுகளின் வேலையை மட்டும். எதிரே மரவள்ளிக் கிழங்கு லாரி வந்த இடத்தில் முருகேசன் ஒதுங்கி நின்று, மறுபடி எடுத்து, திருப்பி, திருப்பி, திருப்பினார். பாதி வழியில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். மேலே வந்து இறங்கியபோது தரை இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது.

காலையில் பஸ் வந்ததற்கும் சுகன்யா தேர்வுக்கு நின்றதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்ததோ அதே அளவு காத்திருந்தேன். அதற்குள் தெளிந்துவிட்டது. நன்றாக இருப்பதாகவே தோன்றியது. லென்ஸைத் துடைத்து ஹெட்செட்டை மாட்டினேன்.

பித்தப்பை அசைந்தது. நாள்தோறும் நான் பார்க்கும் அதே பித்தப்பை. எட்டிப் பிடித்தால் விலகிப் போயிற்று. என் கால்கள் தாமாகவே அகன்றன. என் முதல் கிளிப்பும் விளிம்பில்தான் போய்த் தொற்றியது. முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினேன். இத்தனை ஆண்டுகளாக மேசையருகே நிற்கும் எனக்கும் இயந்திரம் 'தேர்ச்சி இல்லை' என்று காட்டியது.

முருகேசன் தண்ணீர் கொண்டுவந்தார். "தலை சுத்துதுங்களா மேடம்?"

"இல்லை" என்றேன்.

ரசத்துக்கு

மாலையில் நர்சுகள் விடுதியின் வராந்தாவில் சுகன்யா தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு மூவரும் மலையிலேயே தங்குவதாக ஏற்பாடு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சுகன்யா, காலைல கேட்டதை இன்னொரு தடவ கேக்கறேன். உடம்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மேடம்."

"கையில எலுமிச்சம்பழ வாசம் வந்துச்சே."

"அது ரசத்துக்கு வாங்குனதுங்க."

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை.

"ஹாஸ்டல்ல சாப்புடறவளுக்கு என்னம்மா ரசம்?"

பனி வராந்தாவின் விளிம்பு வரை வந்து நின்றது. பிறகு அவளாகவே பேசினாள்.

"எங்ககூட ஸ்கூல்ல ஒருத்தன் படிச்சானுங்க. மலைக்கு டூர் போனப்ப பஸ்ல வாந்தி எடுத்துட்டான். அன்னிலிருந்து அவன் பேரு எலுமிச்சங்கா. இப்ப அவன் செல்போன் கடை வெச்சிருக்கான். போர்டுல என்னவோ இங்கிலீஷ்ல பேரு. ஊருல ஆரைக் கேட்டாலும் எலுமிச்சங்கா கடைன்னுதான் வழி சொல்லுவாங்க. அவன் கல்யாணப் பத்திரிகை வந்தப்ப, 'ஆருப்பா இது?'ன்னு எங்கப்பாவே கேட்டாருங்க."

"அதனால?"

"நாளைக்கு நான் இந்த மலைக்கு டாக்டரா வரணுங்க. கீழ இருந்து மேல வரத் தெரியாத டாக்டரம்மான்னு பேரு வந்துச்சுன்னா, எங்கிட்ட ஆருங்க வயித்தக் காட்டுவாங்க? எங்கப்பா இந்த ரோட்ல ஒரு கையில ஸ்டியரிங் திருப்புவாரு. மார்க்குன்னா அடுத்த வருசம்கூட வாங்கிக்கலாம். இந்தப் பேரு ஒட்டுச்சுன்னா போகாதுங்க."

விதியை மட்டும் அவளுக்கு ஒருமுறை நினைவுபடுத்தினேன். காலை ஒன்பது மணிக்குள், மற்றவர்கள் முன்னால், அவளே சொல்ல வேண்டும்.

"தெரியுங்க மேடம்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரவு எட்டு மணிக்கு அறையில் உட்கார்ந்து, வழக்கம்போல நாட்குறிப்பு எழுதினேன். காரவள்ளி போய் வந்தது, மதிப்பெண், கிளிப் விழுந்த இடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். 'முருகேசன் தண்ணீர் கொடுத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்' என்று எழுதியபோது பேனா நின்றது.

எனக்கு அந்த ஊர் இல்லை, லாரி ஓட்டும் அப்பா இல்லை, பட்டப் பெயர் வைக்கப் பள்ளித் தோழர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. கேட்டவர் முருகேசன். அவரிடமே எனக்கு உண்மை வரவில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் மற்றவர்கள் முன்னால் சொல்லும்படி விதி வைத்திருக்கிறேன். அவளைத் தூண்டக் கூடாது என்று எழுதியிருந்தேன். நான் என்னைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

புதன்கிழமை

ஆவணி பதினெட்டு. லென்ஸ் துடைப்பதற்கு முன், பெடல் பார்ப்பதற்கு முன், காபிக்கும் முன், முதல் வேலையாக எல்லோரையும் சிமுலேட்டர் அறைக்கு வரச் சொன்னேன். ஜாபர் தெளிந்திருந்தான். அருண் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். சுகன்யா கதவருகே நின்றாள். பாப்பாத்தி சிஸ்டர் காபித் தட்டோடு வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். முருகேசன் பிளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் காரவள்ளி போய் ஏறி வந்தேன்" என்றேன். "எனக்குத் தலை சுத்துச்சு. அதோட நின்னு இதே கேஸைச் செஞ்சேன். ஃபெயில்."

முருகேசன்தான் முதலில் நிமிர்ந்தார்.

"நான் கேட்டதுக்கு இல்லைன்னீங்களேங்க!"

"பொய் சொன்னேன்."

பாப்பாத்தி சிஸ்டருக்குத் தட்டு ஆடும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. "அய்யோ சாமி! பெரிய டாக்டரு, சின்ன டாக்டருன்னு வளைவு பாக்குமாங்க? எங்க ஊட்டுக்காரரு இதே மலைல பொறந்தவரு, இன்னிக்கும் சன்னலோரம் எடம் இல்லைன்னா பஸ்ஸே ஏற மாட்டாரு!"

"அப்ப எங்க சங்கத்துக்கு மேடம்தான் தலைவர்" என்றான் ஜாபர்.

"நான் அந்தப் பக்கமே வர்லீங்க" என்று அருண் ஒரு காபியை எடுத்துக்கொண்டான்.

நான் சுகன்யாவைப் பார்க்கவில்லை. துணியை எடுத்து வலது லென்ஸைத் துடைக்கத் தொடங்கினேன். இடது லென்ஸுக்கு மாறும்போது அவள் குரல் வந்தது.

"எனக்கும் சுத்துச்சுங்க மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பஸ்ல இல்லீங்க" என்று உடனே சேர்த்துக்கொண்டாள். "சத்தியமா பஸ்ல இல்ல. லேசாத்தான் இருந்துச்சு. அந்த மெசினை மாட்டுனப்புறந்தான்."

"இதுலயும் ஊர் மானத்த விட மாட்டீங்களா டாக்டரே?" என்றான் ஜாபர்.

அவள் சிரித்தாள். முந்தைய நாள் காலைக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். கோட்டுப் பையில் கைவிட்டு, ஒரு பக்கம் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மேசை மேல் வைத்தாள்.

"உடம்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணை மூடி, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்று பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "இருக்குதுங்க" என்றாள்.

ஹெட்செட்டைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கருவிகளைப் பிடித்தாள். இடது கை பித்தப்பையைத் தூக்கிப் பிடித்தது. அது ஆணியில் மாட்டியது போல நின்றது. முதல் கிளிப் குழாயின் நடுவில் போய் உட்கார்ந்தது.